ஸ்ரீசிட்டியில் மூன்று வருட வேலை: குடும்பத்தோடு எங்கே தங்குவது?

கிள்ளான்வாசி:
அனைவருக்கும் வணக்கம். நான் மலேசியத் தமிழன், கிள்ளானில் இருக்கிறேன். ஜப்பானிய கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. அதே நிறுவனத்துக்கு ஆந்திராவில் உள்ள ஸ்ரீசிட்டியிலும் தொழிற்சாலை இருக்கிறது. மூன்று வருட ஒப்பந்தத்தில் அங்கே போகச் சொல்கிறார்கள். மனைவியும், தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கும் மகளும் கூட வருவார்கள்.

சென்னையில் அபார்ட்மென்ட், கார், டிரைவர் எல்லாம் தருகிறார்கள். வேண்டாம் என்றால் தொழிற்சாலைக்குப் பக்கத்திலேயே நாமாக வீடு பார்த்துக்கொள்ளலாம், வாடகையை நிறுவனம் கொடுத்துவிடும். வரைபடத்தில் பார்த்தால் தமிழ்நாட்டு எல்லை கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. எந்தப் பக்கம் தங்கினால் நல்லது? தெலுங்கு எனக்குத் தெரியாது. ஆனாலும் நாமும் தமிழர்தானே, ஜப்பான்காரர்கள் போல வெளிநாட்டு ஆளாக அலைய வேண்டியிருக்காது என்று நினைக்கிறேன். அங்கே இருப்பவர்கள் சொல்லுங்கள்.

தடா_ஜங்ஷன்:
வாங்க, நல்வரவு. ஸ்ரீசிட்டி என்றதும் கடைத்தெரு, பஸ் ஸ்டாண்ட், சந்தை எல்லாம் உள்ள ஊர் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். 2008-இல் தொடங்கிய தொழில் நகரம் அது. சத்தியவேடு, வரதய்யபாளையம் மண்டலங்களில் பரந்து கிடக்கிறது, இப்போது திருப்பதி மாவட்டம். இசூசு, கோபெல்கோ, டைகின், ஆல்ஸ்டாம் என்று பெரிய பெரிய தொழிற்சாலைகள், நடுவே அகலமான சாலைகள். ஐ.ஐ.ஐ.டி.யும் கிரியா பல்கலைக்கழகமும் உள்ளேயே இருக்கின்றன. ஷிஃப்ட் மாறும் நேரத்தில் நூற்றுக்கணக்கான கம்பெனி பஸ்கள் ஓடும். அது முடிந்ததும் தெருவில் ஆள் நடமாட்டம் இருக்காது. ஒரு கட்டு கறிவேப்பிலை வாங்கவும் வண்டி எடுத்துப் போக வேண்டும்.

ஆகவே குடும்பம் என்றால் சுற்றியுள்ள ஊர்களைத்தான் பார்க்கவேண்டும். சென்னை - கொல்கத்தா நெடுஞ்சாலையில் வடக்கே வந்தால் கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி, எளாவூர், ஆரம்பாக்கம். அதோடு தமிழ்நாடு முடிகிறது. அடுத்தது தடா, அங்கே மேற்கே திரும்பினால் ஸ்ரீசிட்டி. நேராகப் போனால் சூலூர்பேட்டை, ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போகிறவர்கள் இறங்கும் ஊர். வேலைக்காரர்கள் பெரும்பாலும் கும்மிடிப்பூண்டியிலும் சூலூர்பேட்டையிலும்தான் குடியிருக்கிறோம். நான் கும்மிடிப்பூண்டி.

மாதவரம்_ரவுண்டானா:
யோசிக்கவே வேண்டாம், சென்னைதான். இங்கே வரும் ஜப்பான்காரர்கள் பலரும் சென்னையிலிருந்துதான் தினமும் காரில் வந்து போகிறார்கள். நல்ல ஆஸ்பத்திரி, பள்ளி, விமான நிலையம், அவர்கள் நாட்டு மளிகைச் சாமான் எல்லாம் அங்கேதான் கிடைக்கிறது. நிறுவனம் கொடுப்பதை ஏன் விடவேண்டும்?

ஒரே ஒரு எச்சரிக்கை. ஓ.எம்.ஆர்., அடையாறு பக்கம் வீடு கொடுத்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். சென்னையிலிருந்து '55 கிலோமீட்டர்' என்று ஸ்ரீசிட்டி விளம்பரத்தில் போடுவதோடு, சென்னையின் தெற்கிலிருந்து வடக்குவரை கடக்கும் நேரத்தையும் கூட்டிப் பாருங்கள். அண்ணாநகர், கொளத்தூர், பெரம்பூர் என்றால் தாங்கும். காலையில் ஊருக்கு எதிர்த்திசையில் போவதால் போக்குவரத்தும் கொஞ்சம் லேசு. மாதவரத்திலிருந்து செங்குன்றம் தாண்டும்வரைதான் துறைமுகத்துக் கன்டெய்னர் லாரிகளோடு மல்லுக்கட்ட வேண்டும்.

சூலூர்பேட்டை_மருமகள்:
எல்லோரும் வேலைக்குப் போகிறவரையே வைத்துப் பேசுகிறீர்கள். அவர் காலையில் காரில் ஏறினால் இரவுதான் இறங்குவார். வழியில் தூங்கிக்கொள்ளலாம், போனில் மெயில் பார்க்கலாம். பகல் முழுக்க அந்த ஊரில் வாழப்போவது அவர் மனைவி. அவரைப் பற்றி இதுவரை ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை.

நான் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரி. கல்யாணமாகி இங்கே வந்தேன். எங்கள் கட்டடத்தின் மாடியில் ஒரு கொரியக் குடும்பம் குடியிருந்தது. கணவர் ஸ்ரீசிட்டியில் மேலாளர். அந்த அம்மா வந்த புதிதில் டிரைவர் இல்லாமல் வாசல்படி இறங்கமாட்டார். எது வாங்கினாலும் டிரைவர் சொன்ன விலை, டிரைவர் சொன்ன கடை. பிறகு ஒருநாள் முட்டைக்கோஸைக் கையில் வைத்துக்கொண்டு என் சமையலறைக்கே வந்துவிட்டார். கிம்ச்சி போடவேண்டும், இங்கே விற்கும் மிளகாய்த்தூளைப் போட்டால் அவர் பிள்ளைகளால் வாயில் வைக்க முடியவில்லை. குண்டூர் மிளகாய் ஆயிற்றே! காஷ்மீரி மிளகாயை வாங்கி, விதையை எடுத்துவிட்டு, வெயிலில் காயவைத்து அரைத்துக் கொடுத்தேன். நிறமும் வந்தது, காரமும் அடங்கியது. அதற்குப் பிறகு காய்கறிச் சந்தைக்கு என்னோடு நடந்தே வருவார். கோங்கூரா என்ற புளிச்சக்கீரையை ஆய்வதுகூடக் கற்றுக்கொண்டார். அவர் கணவருக்குக் கடைசிவரை எங்கள் தெருவின் பெயர் தெரியாது.

உங்கள் மனைவிக்கு அந்தப் பாடு இருக்காது. சூலூர்பேட்டைக் கடைகளில் தமிழ் நன்றாகவே செல்லும். செங்காளம்மன் கோயிலில் பாதிக் கூட்டம் தமிழ்நாட்டிலிருந்து வருவதுதான். ராக்கெட் விடும் நாளில் மொட்டைமாடிக்குப் போனால் நெருப்பு எழும்புவதைக் கண்ணால் பார்க்கலாம், ஜன்னல் அதிரும். பழவேற்காடு ஏரியின் இறாலும் நண்டும் அன்றன்றைக்கே வரும். குளிர்காலத்தில் பூநாரைகள் வரும், நேலப்பட்டில் கூழைக்கடா பார்க்கலாம். ஆனால் ஒன்றை முன்னாலேயே சொல்லிவிடுங்கள்: கணவரின் வேலை விசாவை ஒட்டி வரும் மனைவிக்கு இங்கே வேலை பார்க்க அனுமதி கிடையாது. அவர் அங்கே வேலைக்குப் போகிறவர் என்றால், மூன்று வருடம் அதை விட அவருக்குச் சம்மதமா என்று முதலில் கேளுங்கள். வீடு பார்ப்பதெல்லாம் அப்புறம்.

கிள்ளான்வாசி:
அக்கா, ரொம்ப நன்றி. என் மனைவி பாலர் பள்ளி ஆசிரியை. நேற்று இரவு இருவரும் உட்கார்ந்து உங்கள் பதிவைத்தான் படித்தோம். விசா விஷயம் எங்களுக்குத் தெரியாது, மனிதவளப் பிரிவும் சொல்லவில்லை. இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். வேறு என்னென்ன சொல்லாமல் விட்டிருப்பார்கள் என்று இப்போது பயமாக இருக்கிறது.

கணக்குப்பிள்ளை:
தம்பி, பயப்பட வேண்டாம். ஆனால் கையெழுத்துப் போடுமுன் இதைப் படித்துவிடுங்கள். வெளிநாட்டு ஊழியர்களின் கணக்கு வழக்கு பார்ப்பது என் தொழில்.

முதலில் பி.எஃப்., அதாவது வருங்கால வைப்பு நிதி. இங்கே வேலை செய்யும் வெளிநாட்டுக்காரருக்குச் சம்பளம் முழுவதற்கும் 12 சதவீதம் பிடிப்பார்கள். உள்ளூர் ஊழியருக்குள்ள 15,000 ரூபாய் வரம்பு உங்களுக்குப் பொருந்தாது. சம்பளத்தில் ஒரு பகுதியைக் கிள்ளானிலேயே போட்டாலும் அதையும் சேர்த்துத்தான் கணக்கு. ஜப்பானோடு 2016 முதலும், கொரியாவோடு 2011 முதலும் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் நடப்பில் இருக்கிறது. அதனால் உங்கள் ஜப்பானிய மேலாளர் அவர் நாட்டுச் சான்றிதழைக் காட்டி விலக்கு வாங்கிவிடுவார். மலேசியாவோடு அப்படி ஒப்பந்தம் இல்லை. பிடித்த பணத்தைப் பொதுவாக 58 வயதில்தான் எடுக்க முடியும். இந்த விதி செல்லாது என்று கர்நாடக உயர் நீதிமன்றம் 2024-இல் தீர்ப்புச் சொன்னது உண்மை. அதை நம்பி ஒப்பந்தம் போடாதீர்கள். உங்கள் பங்கை நிறுவனம் ஈடுகட்டுமா என்று எழுத்தில் கேளுங்கள். ஜப்பான்காரருக்கு எழுதிய ஒப்பந்தத்தையே பெயர் மாற்றி உங்களிடம் நீட்டுவார்கள், அதில் இது இருக்காது.

அடுத்தது வருமான வரி. நிதியாண்டு ஏப்ரலிலிருந்து மார்ச் வரை. அதில் 182 நாள் இங்கே இருந்துவிட்டால் நீங்கள் குடியிருப்பாளர். ஆனால் முதன்முறை வருகிறவர்களுக்கு முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் 'சாதாரணமாகக் குடியிருப்பவர் அல்லாத' தகுதி கிடைக்கும். கிள்ளானில் வீட்டு வாடகை வருகிறதென்றால் அதற்கு அந்தக் காலத்தில் இங்கே வரி கிடையாது. நிறுவனம் கொடுக்கும் வீட்டுக்கும் காருக்கும் வரி உண்டு. அதை யார் கட்டுவது என்பதையும் எழுதி வாங்குங்கள்.

கடைசியாக, "நாமும் தமிழர்தானே" என்றீர்கள். தெருவில் அது சரி. காகிதத்தில் நீங்கள் வெளிநாட்டவர். விசா 180 நாளுக்கு மேற்பட்டது என்றால் வந்த 14 நாளுக்குள் பதிவு செய்யவேண்டும், ஆன்லைனிலேயே முடியும். வீட்டு உரிமையாளர் 24 மணி நேரத்துக்குள் உங்கள் வருகையைத் தெரிவிக்க வேண்டும். இங்கேதான் சிக்கல். சென்னையில் வெளிநாட்டவருக்கு விட்டுப் பழகியவர்கள் இருக்கிறார்கள். சின்ன ஊர்களில் உங்களோடு தமிழில் பேசி, காபி கொடுத்து, வாடகையும் முடிவான பிறகு பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் "போலீஸ் விவகாரமெல்லாம் வேண்டாம்பா" என்று பின்வாங்குவார்கள். நிறுவனத்தின் நிர்வாக ஆள் ஒருவரைக் கூட்டிக்கொண்டே வீடு பார்க்கப் போங்கள். ஆதாரும் 182 நாள் தங்கிய பிறகுதான். அதுவரை சிம், வங்கிக் கணக்கு, கேஸ் இணைப்பு ஒவ்வொன்றுக்கும் பாஸ்போர்ட்டோடு நிற்கவேண்டும்.

சத்தியவேட்டான்:
எங்கள் ஊர்க் குரலும் ஒன்று இருக்கட்டும். 1960 ஏப்ரல் 1-இல் எல்லையைத் திருத்தியபோது திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போனது, எங்கள் சத்தியவேடு பக்கம் ஆந்திராவுக்கு வந்தது. எங்கள் வீட்டில் பேசுவது தமிழ், பட்டா பாஸ்புக்கில் இருப்பது தெலுங்கு. இரண்டும் எங்களுக்குச் சொந்தம்தான்.

ஸ்ரீசிட்டி நிற்கும் மண்ணில் மானாவாரியாக வேர்க்கடலை போட்டவர்கள், மாடு மேய்த்தவர்கள் எங்கள் உறவுக்காரர்கள். நிலத்துக்குப் பணம் வந்தது, கரைந்தும் போனது. பிள்ளைகள் சிலருக்கு உள்ளே வேலை கிடைத்தது, பலருக்கு ஒப்பந்தத் தொழிலாளி வேலைதான். தொழிற்சாலைகளில் 75 சதவீத வேலை உள்ளூர் ஆட்களுக்கு என்று 2019-இல் மாநில அரசு சட்டம் போட்டது. இன்னும் எங்கள் பையன்கள் வாயிற்கதவில் பயோடேட்டாவோடு நிற்கிறார்கள். பக்கத்து மாநிலத்திலிருந்தோ பக்கத்து நாட்டிலிருந்தோ வருகிறவர் மேல் கோபம் இல்லை. வருகிறவர் இது வெறுங்காட்டில் முளைத்த ஊர் என்று நினைக்காமல் இருந்தால் போதும். மகளின் தமிழ் பற்றிக் கவலை என்றால், சத்தியவேடு, நகரி பக்கம் தமிழ் வழி அரசுப் பள்ளிகள் உண்டு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்துகொண்டே வருவது எங்களுக்குப் பெரிய வருத்தம்.

ஷிஃப்ட்_இன்சார்ஜ்:
வீட்டைப் பற்றி நிறையச் சொல்லிவிட்டார்கள், நான் வேலை பற்றிச் சொல்கிறேன். நீங்கள் தரக்கட்டுப்பாடு என்பதால் இது கட்டாயம் தெரியவேண்டும்.

காலையில் ஷிஃப்ட் தொடங்குமுன் எல்லோரும் வரிசையில் நின்று உடற்பயிற்சி, பாதுகாப்பு உறுதிமொழி, முந்தைய நாள் ரிஜெக்‌ஷன் கணக்கு. இது கிள்ளானிலும் இருக்கும். இங்கே ஜப்பானிய மேலாளர் ஆங்கிலத்தில் நாலு வார்த்தை சொல்வார். லைன் லீடர் அதைத் தெலுங்கில் சொல்வார். தமிழ்ப் பையன்கள் பாதி புரிந்துகொள்வார்கள். ஒடிசா, பீகார் பையன்கள் கடைசி வரிசையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். நீங்கள் வந்து நின்றதும் நடக்கப்போவது என்ன தெரியுமா? மேலாளர் உங்களை நம்பத் தொடங்குவார். தமிழ்ப் பையன்கள் சாப்பாட்டு இடைவேளையில் "அண்ணே" என்று வந்து உட்காருவார்கள். தெலுங்கு சூப்பர்வைசர்கள் இரண்டையும் தூரத்திலிருந்து கவனிப்பார்கள்.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு பாகத்தில் பிசிறு வந்துகொண்டே இருந்தது. காரணம், பாகத்தைப் பிடித்து வைக்கும் ஃபிக்ஸ்சரில், அதைச் சரியான இடத்தில் நிறுத்தும் லொகேட்டிங் பின் தேய்ந்திருந்ததுதான். தமிழ்ப் பையன் ஒருவன் அதைக் கண்டுபிடித்து, வெளிநாட்டிலிருந்து வந்த தமிழ் அதிகாரி ஒருவரிடம் தனியாகத் தமிழில் சொன்னான். அவர் நேரே மேலாளரிடம் போய்ச் சொன்னார். பின்னை மாற்றினார்கள், பிசிறு நின்றது. ஆனால் அந்த லைனின் சூப்பர்வைசர், தன்னைத் தாண்டிப் போய்விட்டார்கள் என்று மனம் நொந்துபோனார். அதற்குப் பிறகு அந்த லைனில் எந்தக் குறையும் அதிகாரியின் காதுக்கு நேரத்தில் வரவில்லை. அந்தப் பையனையும் வேறு ஷிஃப்டுக்கு மாற்றிவிட்டார்கள்.

யாராவது உங்களிடம் தமிழில் ஒரு குறையைச் சொன்னால், அவரையும் சூப்பர்வைசரையும் கூட்டிக்கொண்டு மெஷினுக்கு முன்னால் போய் நில்லுங்கள். தேய்ந்த பின்னைக் கழற்றி எல்லோர் கையிலும் கொடுங்கள். அதைத் தொட்டுப் பார்த்தவனுக்கு எந்த மொழியும் தேவையில்லை. தெலுங்கை முதல் நாளிலிருந்தே படியுங்கள். தப்பும் தவறுமாகப் பேசினாலும் அவர்கள் மனம் குளிர்ந்துவிடும். அதில் அவர்கள் தங்கமானவர்கள்.

மாதவரம்_ரவுண்டானா:
ஷிஃப்ட்_இன்சார்ஜ் சொன்னது நூற்றுக்கு நூறு. வீடு விஷயத்தில் மட்டும் நான் இன்னும் சென்னைதான். வடகிழக்குப் பருவமழையை யாரும் சொல்லவில்லை. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை புயல் எதுவானாலும் இந்தக் கடலோரத்தை உரசிக்கொண்டுதான் போகும். காளங்கி ஆறு நிரம்பினால் சூலூர்பேட்டையின் தாழ்வான தெருக்களில் தண்ணீர் நிற்கும். 2015 நவம்பரில் வடக்கே நெல்லூர்ச் சாலையே துண்டானது. குழந்தையோடு அங்கே மாட்டிக்கொண்டால் என்ன செய்வார்கள்?

சூலூர்பேட்டை_மருமகள்:
2015-இல் சென்னை மட்டும் மிதக்கவில்லையா அண்ணா? மழைக்குப் பயந்தால் இந்தக் கரையில் எங்கேயும் குடியிருக்க முடியாது. மேட்டுத் தெருவில், முதல் மாடியில் வீடு எடுக்கச் சொல்லுங்கள், அவ்வளவுதான். பெரிய நோய்க்கு சென்னைக்குத்தான் ஓடவேண்டும், அதை நான் மறுக்கவில்லை. காய்ச்சல், வயிற்றுவலிக்கு இங்கேயே பார்த்துக்கொள்ளலாம்.

கிள்ளான்வாசி:
இருவரும் கலந்து பேசிவிட்டோம். மனைவி வேலையிலிருந்து நீண்ட விடுப்பு கேட்கப் போகிறார், கிடைத்தால் வருகிறோம். பி.எஃப். பற்றி மனிதவளப் பிரிவுக்கு எழுதினேன். அவர்களுக்கே புதிய செய்தி, பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

இப்போது எங்கள் கவலை மகள்தான். அங்கே அவள் தமிழ்ப்பள்ளியில் எல்லாப் பாடமும் தமிழில் படித்தவள். இந்தியாவுக்கே வந்து அவள் தமிழை இழந்தாள் என்றால் என் அப்பா தாங்கமாட்டார். அதே சமயம் மூன்று வருடத்தில் திரும்பப் போவதால் ஆங்கிலமும் வேண்டும்.

தடா_ஜங்ஷன்:
அப்படியென்றால் எல்லைக்குத் தெற்கே இருங்கள், வேறு வழி தேட வேண்டாம். தமிழ்நாட்டில் 2006-இல் கொண்டுவந்த தமிழ் கற்றல் சட்டத்தால் பத்தாம் வகுப்புவரை தமிழ் கட்டாயப் பாடம். ஆங்கில வழிப் பள்ளியில் சேர்த்தாலும் தமிழ் இருக்கும். ஆந்திர பக்கத்து ஆங்கிலப் பள்ளிகளில் தெலுங்கும் இந்தியும்தான் கிடைக்கும். அவள் வயதுக்குப் புதிதாக இரண்டு எழுத்து முறைகள், பாவம்.

நான் குடியிருக்கும் கும்மிடிப்பூண்டியை உங்களுக்குச் சொல்ல மனம் வரவில்லை. சிப்காட் என்ற அரசுத் தொழிற்பேட்டையின் இரும்பு உருக்காலைகளால் சில தெருக்களில் காலையில் துணி காயப்போட்டால் மாலையில் கரித்தூள் படிந்திருக்கும். குழந்தைக்கு இழுப்பு ஏதாவது இருந்தால் அந்தப் பக்கமே வேண்டாம். பொன்னேரியைப் பாருங்கள். பழைய ஊர், ஆரணி ஆற்றங்கரை, சுற்றிலும் நெல்வயல். பெருமாள் கோயில், சிவன் கோயில், நல்ல சந்தை, சென்னைக்குப் புறநகர் ரயில் எல்லாம் இருக்கிறது. உங்கள் மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு யாரையும் எதிர்பார்க்காமல் சென்ட்ரலுக்குப் போய்வரலாம். ஸ்ரீசிட்டிக்குத் தச்சூர் வழியாக நெடுஞ்சாலை ஏறினால் காரில் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். பதிவும் தமிழ்நாட்டு முகவரியில் என்பதால் எல்லாப் பேச்சும் தமிழிலேயே முடியும்.

சூலூர்பேட்டை_மருமகள்:
பொன்னேரி நல்ல யோசனை. எங்கள் ஊருக்கு வரவில்லையே என்று வருத்தம்தான், ஆனால் பிள்ளைக்கு அதுதான் சரி. பள்ளிகளில் ஏப்ரல், ஜூனில் வகுப்பு தொடங்கும். நடுவில் வந்தால் தலைமையாசிரியரிடம் முன்பே பேசிவையுங்கள். மலேசியப் பள்ளியின் மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பதிவு, பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து பாஸ்போர்ட்டில் உள்ளதுபோல இருக்கட்டும். உங்கள் ஊரில் அப்பா பெயரோடு, இன்னார் மகள் என்பதற்கு 'அ/பெ' என்று சேர்த்து எழுதுவார்களாமே, அதை இங்கே கம்ப்யூட்டரில் ஏற்றும்போது ஆளாளுக்கு ஒரு மாதிரி எழுதிவிடுவார்கள். பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கிள்ளான்வாசி:
பொன்னேரி என்று ஏறக்குறைய முடிவு. கையெழுத்துப் போடுமுன் மனைவியோடு ஒரு வாரம் வந்து பார்க்க நிறுவனத்திடம் டிக்கெட் கேட்டிருக்கிறேன். தைப்பூசம் முடிந்ததும் கிளம்புவோம். பத்துமலைக்குப் போகாமல் அவர் வரமாட்டார்.

தடா_ஜங்ஷன்:
நல்லது. வந்ததும் இங்கே எழுதுங்கள், நானே பொன்னேரியில் வீடு காட்டுகிறேன். வார நாளில் வாருங்கள், அப்போதுதான் காலை ஏழு மணி சாலை எப்படி என்று தெரியும். செவ்வாய்க்கிழமை மட்டும் வேண்டாம். சொந்த வீடு வேண்டிக்கொள்ள சிறுவாபுரி முருகன் கோயிலுக்கு அன்றுதான் கூட்டம் அலைமோதும், தச்சூர்ப் பக்கம் வண்டி நகராது. கோயிலுக்குப் போகவேண்டும் என்றால் புதன்கிழமை காலையில் போய்க்கொள்ளலாம்.